மண்ணுக்கு ஒரு சுருதி: விக்கு விநாயகராமும் கடச் சேகரமும்

நம் முன்னோர் இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று வகுத்து, மனிதனின் மிடற்றையும் அவற்றோடு சேர்த்தார்கள். இந்த வகுப்பில் கடத்துக்கு இடம் தேடினால் கொஞ்சம் சங்கடம்தான். தோல் கிடையாது, ஆகவே தோற்கருவி ஆகாது. தாளம், சேகண்டி, மணி இவற்றோடு கஞ்சக்கருவிக் கூட்டத்தில்தான் வைக்க வேண்டும். ஆனால் கஞ்சம் என்றால் வெண்கலம். கடமோ வெறும் களிமண். அந்தக் களிமண் மேடை ஏறி மிருதங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்ததும், தோல் பேசும் சொற்களையெல்லாம் தானும் பேசத் தொடங்கிவிடுகிறது. இலக்கணத்தில் ஒரு குடும்பம், வாழ்க்கைப்பட்டது வேறு குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வாத்தியத்தை வாசிக்காத தமிழர் வீடே இல்லை. தண்ணீர்க் குடம் வாங்கப் போகும் பெண்கள், குடத்தை இடக்கையில் ஏந்தி, வலக்கை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டாமல் காசைக் கொடுக்கமாட்டார்கள். ‘டண்’ என்றால் நல்ல சூளைக்காடு, ‘பொத்’ என்றால் கீறல். அந்த ‘டண்’ எந்தச் சுருதி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்பவர்தான் கடக் கலைஞர். அதைக் கேட்டே பானையை உருவாக்குபவர் மானாமதுரைக் குயவர். இந்த இரண்டு பேரைப் பற்றியும், அரிய தாளக் கருவிகளைச் சேகரிப்பது என்ற ஆசையைப் பற்றியும் சில எண்ணங்களை இங்கே எழுத விரும்புகிறேன். பலமனேர் மலருக்குக் கடம் எதற்கு என்று கேட்பவர்கள் பெங்களூர்ச் சாலையோரம் அடுக்கி வைத்திருக்கும் சுடுமண் சாமான்களை ஒருமுறை நினைத்துப் பார்த்தால் போதும். அங்கே வந்துதான் இந்தக் கட்டுரையும் நிற்கப் போகிறது.

முதலில் சேகரிப்பைப் பற்றி. பழைய வாத்தியங்களைத் தேடித் தேடி வாங்குகிற ரசிகர்கள் நம்மிடையே அதிகமாகிவிட்டார்கள். உடுக்கை, பம்பை, உறுமி, தக்கை, டமாரம் என்று வரவேற்பறைச் சுவரில் மாட்டி விளக்குப் போட்டு வைக்கிறார்கள். ஆசை நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் தோல் வாத்தியம் என்பது தட்டிக்கொண்டே இருந்தால்தான் உயிரோடு இருக்கும். நாலு கோடைகாலம் சும்மா மாட்டி வைத்தால் தோல் இறுகும், வார் தளரும், பூச்சி அரிக்கும். அப்புறம் சுவரில் தொங்குவது உறுமியின் படம் மாதிரிதான்.

அறிவோடு செய்த சேகரிப்புகளும் உண்டு. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் இசைக்கருவிகளுக்குப் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி விவரப் பட்டியல் ஒன்று எழுதினார். என்ன பெயர், என்ன மரம், எந்த வகை என்று வரிசைப்படுத்தி வைத்த அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டவர்கள். இருந்தாலும் ஒரு கருவியைப் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உள்ள தூரம் பெரியது. ஐந்து முகம் கொண்ட பஞ்சமுக வாத்தியம், அதாவது குடமுழா, திருவாரூர்த் தியாகராஜர் கோயிலிலும் திருத்துறைப்பூண்டியிலும் இருக்கிறது. ஒரே உலோகக் குடத்தில் ஐந்து வாய், ஐந்துக்கும் தோல் போர்த்தியது. திருவாரூரில் அது வழிபாட்டோடு ஒட்டிய வாத்தியம். அது இருக்கும் இடம், அதை வாசிக்கும் உரிமையுள்ள மரபு, ஒலிக்க வேண்டிய வேளை எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கருவி. அதை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்து கண்ணாடிக்குள் வைத்தால் ஒரு பாத்திரம் மிஞ்சும், அவ்வளவுதான்.

இன்னொரு வகை அரிய பொருளும் இருக்கிறது, சட்டத்தால் அரிதானது. கஞ்சிரா. பலா மரச் சட்டத்தில் உடும்புத் தோல் ஒட்டி, ஒரு துளையில் இரண்டு மூன்று காசு கோத்த சின்ன வாத்தியம். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார், அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை அதற்குப் பெரிய மதிப்பு வாங்கித் தந்தார். நம் காலத்தில் ஜி. ஹரிசங்கர் (1958–2002) அந்தக் கையகலத் தோலிலிருந்து எழுப்பிய கும்காரத்தைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். உடும்போ 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முழுப் பாதுகாப்பு பெற்ற பிராணி. கொல்லக் கூடாது, தோலை விற்கவும் வாங்கவும் கூடாது. ஆகவே ‘அந்தக் காலத்து அசல் உடும்புத்தோல் கஞ்சிரா’ என்று யாராவது விலை பேசினால் சேகரிப்பாளர் எழுந்து வந்துவிடுவதே மரியாதை. இதில் நான் உடும்பின் பக்கம். ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் புதிய தலைமுறை வாசிக்கப் பழகிக்கொண்டது. பழைய நாதம் ஒலிநாடாவில் இருக்கிறது.

இப்படிப் பார்த்தால் கடம் ஒரு விசித்திரம். அதற்குத் தடை இல்லை, பஞ்சம் இல்லை, பூச்சி அரிக்காது, விலையும் மற்ற வாத்தியங்களைப் பார்க்க அதிகமில்லை. அரிய பொருள் சேகரிப்பவர் எவரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் சங்கீத உலகத்தில் கட்டாயத்தின் பேரில் சேகரிப்பாளர் ஆக வேண்டிய ஒரே ஆள் கடக் கலைஞர்தான். காரணம் சுருதி.

மிருதங்கத்தில் சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தால் கல்லையும் கட்டையையும் எடுத்து விளிம்பைத் தட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். தபேலாவுக்குச் சுத்தியல் இருக்கிறது. கஞ்சிராவுக்கு உள்பக்கம் நாலு சொட்டுத் தண்ணீர் தடவினால் தோல் தளர்ந்து நாதம் இறங்கும். கடத்துக்கு என்ன செய்வது? சூளையில் வெந்து இறங்கிய அன்றைக்கு என்ன சுருதியோ ஆயுசுக்கும் அதுதான். உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டோ களிமண்ணை ஒட்டியோ ஒரு மயிரிழை இறக்கலாம். ஏற்றுவது நடக்காத காரியம். ஆண் குரல் ஒரு கட்டையிலும் ஒன்றரைக் கட்டையிலும் நிற்கும், பெண் குரல் நாலரை, ஐந்து, ஐந்தரை என்று போகும், புல்லாங்குழலுக்கு ஒரு கணக்கு, நாகஸ்வரத்துக்கு ஒரு கணக்கு. இன்றைக்கு ஒருவருக்கு, நாளைக்கு இன்னொருவருக்கு வாசிக்கப் போகிறவர் கட்டைக்கு ஒரு பானை வைத்திருக்க வேண்டும். அரைக் கட்டைக்கும் வேண்டும். ஒரே கட்டையில் இரண்டு இருந்தால் இன்னும் நிம்மதி, ஏனென்றால் உடைந்தால் ஒட்ட முடியாது. ரயில் பெட்டியில், விமானத்தில், சபா வாசலில் என்று எங்கே வேண்டுமானாலும் அது உடையலாம். தவிர, ஒரே குயவர் ஒரே மண்ணில் ஒரே நாளில் செய்த இரண்டு பானைகள் ஒரே மாதிரி பேசுவதில்லை. ஆகவே கடக்காரர் வீட்டில் பானைகள் வரிசையாக இருப்பது அலங்காரத்துக்காக அல்ல. அவருடைய தம்புராப் பெட்டியும் சுத்தியலும் அந்த வரிசைதான்.

வாங்கிச் சேர்ப்பதிலும் கஷ்டம் இருக்கிறது. சுருதி சேர்ந்தால் மட்டும் போதாது. கழுத்தில் ஒரு நாதம், வயிற்றில் ஒரு நாதம், அடியில் ஒரு நாதம் என்று மூன்றும் ஒன்றோடொன்று உறவாக இருக்க வேண்டும். வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் எழுப்புகிற கும்காரம் அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். நகத்தால் தட்டினால் வெள்ளிக் காசு மாதிரி ஒலிக்க வேண்டும். சுவர் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருந்தால் சுற்றிலும் ஒரே சுருதி கிடைக்காது. இத்தனையும் ஒரு மண்பானையில் கூடி வருவது எவ்வளவு அபூர்வம் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த அபூர்வத்தைத் தொழிலாகச் செய்கிற ஊர் சிவகங்கை மாவட்டத்து மானாமதுரை. வைகைக் கரை. சுற்றுவட்டாரக் கண்மாய் மண்ணைக் கலந்து, சலித்து, மிதித்து, அதோடு உலோகத் துகளும் சேர்த்துப் பக்குவம் செய்வார்கள். பக்குவம் வீட்டுக்கு வீடு வேறு. சக்கரத்தில் வனைந்து இறக்கிய பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை இறுக்க வேண்டும். ஈரம் பார்த்து, காயவிட்டு, மறுபடி தட்டு. ஆயிரக்கணக்கான தட்டு. பலகைத் தட்டு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கினால் நாதம் கெட்டது. கடம் முதன்முதலில் வாசிக்கப்படுவது அந்தத் திண்ணையில்தான் என்பேன். வாசிப்பவர் பெரும்பாலும் ஒரு பெண்மணி. மானாமதுரை மீனாட்சி கேசவன் அவர்களின் இந்தக் கைவேலைக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது வழங்கியது. பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் வழங்கும் அதே அகாதெமி, செய்பவருக்கும் வழங்கியது. 2023இல் மானாமதுரை மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மானாமதுரைக் கடம் கனமானது, ஏழெட்டுக் கிலோவைத் தொடும். சுவர் தடிப்பு, கை வலுவாக விழ வேண்டும், பதிலுக்கு உலோகம் மாதிரி கணீரென்று கேட்கும். சென்னைக் கடம் லேசானது, மெல்லத் தொட்டாலே பேசும், ஆனால் அந்தக் கணீர் வராது. எதை எடுத்துக்கொள்வது என்பது கையைப் பொறுத்தது. கையைப் பற்றிப் பேசுவதற்கு முன், இந்தப் பானை மேடையில் எங்கே உட்கார்ந்திருந்தது என்று பார்த்துவிடலாம். அதற்கு நம்ம சித்தூருக்கே வரலாம்.

சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. 1954இல் சங்கீத கலாநிதி, மதுரை சோமுவின் குருநாதர். 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953இல் ஆந்திரத்தோடு போனது. எல்லை எங்கே போனாலும் சித்தூர் என்ற ஊர்ப்பெயரைத் தமிழ்நாட்டு சபாக்களில் உச்சரிக்க வைத்தவர் அவர். அவருடைய குருநாதர் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934). லயத்தில் சிங்கம். நயினாப் பிள்ளையின் கச்சேரியை ‘ஃபுல் பெஞ்ச்’ என்று அந்நாளில் சொல்வார்கள், நீதிமன்றத்து முழு அமர்வு மாதிரி. வயலின் போக மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று தாளக்காரர்கள் மேடை நிறைய உட்கார்ந்திருப்பார்கள். கஞ்சிராவுக்குத் தட்சிணாமூர்த்திப் பிள்ளை, கொன்னக்கோலுக்கு மன்னார்குடி பக்கிரியா பிள்ளை. பல்லவியில் நயினாப் பிள்ளை போடும் கணக்குக்கு இத்தனை பேரும் பதில் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் தமிழ்நாட்டில் தாளக் கருவிகளின் மிகச் சிறந்த சேகரம் அதுதான். சுவரில் மாட்டாமல் ஜமக்காளத்தில் உட்கார வைத்த சேகரம். சித்தூரார் அந்தப் பள்ளியில் ஊறியவர். அவர் பாட்டில் லயம் முதுகெலும்பாக நின்றது என்றால் இத்தனை கைகளுக்கு நடுவில் கற்ற பாடம் அது.

ஆனால் அந்த முழு அமர்விலும் கடம் கடைசி நாற்காலிதான். உபபக்கவாத்தியம் என்றே அதற்குப் பெயர். மிருதங்கம் விட்ட இடத்தை நிரப்ப வேண்டும், முந்தக் கூடாது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் விஸ்தாரமாக வாசித்து முடித்த பிறகு ஒரு சுற்று. அப்புறம் குறைப்பில் மாறி மாறி, கடைசியில் மோரா கோர்வையில் எல்லோரோடும் சேர்ந்து ஒரு முத்தாய்ப்பு. ரசிகர்களில் பாதிப் பேர் காபி குடிக்க எழுந்து போகிற நேரம் அது. இந்த நிலையிலும் பெரிய கைகள் இருந்தன. ஆலங்குடி ராமச்சந்திரனின் கடம் அதற்குச் சாட்சி. பானையை மேலே தூக்கிப் போட்டுத் தாளத்துக்குச் சரியாகப் பிடிக்கிற வேடிக்கையும் அந்நாளில் உண்டு. வேடிக்கை காட்டினால்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற நிலையில் ஒரு வாத்தியம் இருந்தது என்பதே அதில் எனக்குத் தெரிகிற செய்தி.

இந்த இடத்திலிருந்துதான் டி.எச். விநாயகராமை மதிப்பிட வேண்டும். 1942இல் பிறந்தவர். தந்தையார் டி.ஆர். ஹரிஹர சர்மா சென்னையில் ஸ்ரீ ஜெயகணேஷ் தாளவாத்திய வித்யாலயத்தை நடத்தியவர், கொன்னக்கோலும் கணக்கும் வீட்டுப் பேச்சாக இருந்த குடும்பம். 1966இல் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோது டி.கே. மூர்த்தியின் மிருதங்கத்தோடு கடம் வாசித்தது இவர்தான். அதாவது அயல்நாட்டுப் பயணம் இவருக்குப் புதுமை இசையோடு தொடங்கவில்லை, சுத்தமான கச்சேரியோடு தொடங்கியது. இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ‘சக்தி’யால் பிரபலமானவர் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் அதிகம்.

‘சக்தி’ குழுவின் முதல் தட்டு 1975 ஜூலையில் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரிக் கச்சேரியில் பதிவானது. ஜான் மெக்லாக்லினின் கிதார், எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபேலா, ராம்நாத் ராகவனின் மிருதங்கம், விநாயகராமின் கடம். அதில் கடம் நம் கச்சேரி வழக்கப்படி மிருதங்கத்துக்குப் பக்கத் துணைதான். அடுத்த தட்டு, ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’, 1976இல் பதிவானது. அதில் மிருதங்கம் இல்லை. தபேலாவும் கடமும் மட்டும்.

ரசிகர்கள் இந்த மாற்றத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. என் கருத்தில் கடத்தின் சரித்திரத்திலேயே பெரிய திருப்பம் இதுதான். முன்னால் போக மிருதங்கம் இல்லாதபோது, கர்நாடக லயத்தின் மொத்தப் பொறுப்பும் ஒரு மண்பானையின் தலையில் வந்து விழுந்தது. தொப்பியும் வலந்தலையும் சேர்ந்து செய்ய வேண்டியதை ஒரே மண் சுவரில் செய்ய வேண்டும். எதிரே ஜாகிர் உசேன். அவருடைய பாயாவின் வழுக்கும் நாதத்துக்கு ஈடாகக் கடத்தில் என்ன இருக்கிறது? விநாயகராம் அதற்கு ஈடு கட்டப் பார்க்கவில்லை. தபேலா இழையும் இடங்களில் அவர் வெட்டுகிறார். ஒவ்வொரு விரலும் தனித்தனிச் சொல்லாக விழுகிறது, நாம் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் போல அத்தனை தெளிவு. கும்காரத்தைச் சிக்கனமாக வைத்துக்கொண்டு, சமத்துக்கு முன்னால் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் அவிழ்க்கிறார். வயிற்றோடு அணைத்த பானை மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். அந்தத் தட்டில் வாயால் சொற்கட்டுச் சொல்லித் தொடங்குகிற ‘லா டான்ஸ் டு பானர்’ என்ற உருப்படி இருக்கிறது. நயினாப் பிள்ளையின் மேடையில் பக்கிரியா பிள்ளை சொன்ன கொன்னக்கோலின் பேரப்பிள்ளை அது என்று சொன்னால் தப்பில்லை. முழு அமர்வில் கடைசி நாற்காலியில் இருந்தவர் தலைமை நாற்காலிக்கு வந்துவிட்டார்.

அப்புறம் வந்த புகழ் எல்லோருக்கும் தெரியும். 1988இல் சங்கீத நாடக அகாதெமி விருது, 2002இல் பத்மஸ்ரீ. ‘கிரேட்ஃபுல் டெட்’ என்ற அமெரிக்க ராக் குழுவின் டிரம் கலைஞர் மிக்கி ஹார்ட்டின் ‘பிளானட் டிரம்’ தட்டில் (1991) பங்கு. உலக இசைத் தட்டுக்கென்று கிராமி விருது ஏற்படுத்தியபோது, 1992இல், முதல் விருது அதற்குத்தான் போனது. இந்த மிக்கி ஹார்ட் சேகரிப்பாளர்களுக்கெல்லாம் பெரியண்ணன். பல தேசத்து முரசுகளைத் தேடிச் சேர்த்து, அதைப் பற்றிப் புத்தகமும் எழுதியவர். ஆனால் அவர் கருவிகளை மட்டும் வரவழைத்துத் தானே தட்டிப் பார்த்து முடித்துவிடவில்லை. நைஜீரியாவிலிருந்து பாபதுண்டே ஒலாதுஞ்சி, பிரேசிலிலிருந்து ஏர்ட்டோ மொரேரா, நம் நாட்டிலிருந்து ஜாகிர் உசேன், விநாயகராம் என்று அந்தந்தக் கருவியின் கைகளையே வரவழைத்தார். நயினாப் பிள்ளை ஜமக்காளத்தில் செய்ததை அவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்தார். அந்தக் கூட்டத்தில் பொருளாகப் பார்த்தால் மிகச் சாதாரணமானது நம் பானைதான். எந்தச் சந்தையிலும் அதன் தங்கை கிடைப்பாள். அரிதாக இருந்தது அதன் மேல் விழுந்த கை.

இத்தனை பாராட்டிய பிறகு மனத்தில் பட்ட குறையையும் சொல்லிவிடுகிறேன். விநாயகராமின் செல்வாக்கு வேகத்தின் வழியாகப் பரவியது. அவருடைய வேகத்துக்கு அடியில் நிதானம் இருந்தது. விளம்ப காலத்தில் ஒரு சொல்லை வைத்துவிட்டுக் காத்திருக்கத் தெரிந்தவர். அவரைப் பார்த்துக் கடத்தை எடுத்த இளைஞர்கள் பலர் வேகத்தை எடுத்துக்கொண்டு நிதானத்தை விட்டுவிட்டார்கள். ஒலிபெருக்கி பெரிதாகப் பெரிதாகக் கும்காரமும் பெரிதானது. மண் நாதம் போய் ஏதோ பீப்பாயைத் தட்டுகிற சத்தம். அவரே பிற்காலத்தில் பல கடங்களை முன்னால் வைத்துக்கொண்டு செய்த வாசிப்புகளில் சில, கைதட்டலுக்காகக் கொஞ்சம் நீண்டவை என்பது என் அபிப்பிராயம். ஒரு பானையில் ஒன்பது நாதம் எடுத்தவர் ஆறு பானையில் ஆறு நாதம் எடுப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சுவாரஸ்யம் இல்லை.

ஆனால் அந்த யோசனையிலிருந்து வேறொரு நல்ல காரியம் விளைந்தது. அவருடைய சீடர் சுகன்யா ராம்கோபால், கடத்தை மேடைத் தொழிலாக ஏற்ற முதல் பெண்மணி. பெண்ணுக்குக் கடம் சரிப்படுமா என்ற தயக்கம் எழுந்த நாளில், பெரியவர் ஹரிஹர சர்மா தாமே முன்வந்து கற்றுக்கொடுத்தார் என்பார்கள். இன்ன கட்டை, இன்ன ஸ்வரம் என்று பொறுக்கிச் சேர்த்த கடங்களில் ராகத்தின் சாயலை எழுப்புகிற ‘கட தரங்கம்’ இவருடைய வழி. 1995இல் ‘ஸ்த்ரீ தாள் தரங்’ என்ற பெண்கள் குழுவையும் தொடங்கினார். கடக் கலைஞர் கட்டாயத்தால் சேர்க்க வேண்டிய பானை வரிசை இருக்கிறதே, அதையே வாத்தியமாக ஆக்கிவிட்டார். சேகரம் என்பது ஒலிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அவர் இருப்பது பெங்களூரில், பலமனேரிலிருந்து அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வருகிற ஊர்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பலமனேர் சுடுமண் வேலைக்கு ஆந்திரம் முழுக்கப் பெயர் உண்டு. குதிரை, யானை, பூந்தொட்டி, தோட்டத்துக்கு நிற்கிற பெரிய சாடி, விளக்கு, காற்றில் ஆடும் மணி. செம்மை நிறம் கண்ணைப் பறிக்கும். ஏரி மண்ணை வைத்துக்கொண்டு நம்ம கும்மரிக் குடும்பங்கள் செய்கிற வேலை அது. அவர்களில் தமிழ் பேசுபவர்களும் உண்டு, தெலுங்கு பேசுபவர்களும் உண்டு, பெரும்பாலோர் இரண்டும் பேசுபவர்கள். பிளாஸ்டிக் குடம் வந்ததும் தண்ணீர்ப் பானைக்கு இருந்த கிராக்கி போனது, அலங்காரச் சாமான் கைகொடுத்தது. பிழைப்பு நடக்கிறது, அதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் அலங்காரச் சாமான் வாங்குபவர் கண்ணால் மட்டுமே வாங்குகிறார். பூந்தொட்டியைத் தட்டிப் பார்த்து யாரும் வாங்குவதில்லை. தட்டிப் பார்க்கிற வாடிக்கையாளர் போனால், சத்தத்துக்காகச் சுவரை இறுக்குகிற கையும் ஒரு தலைமுறையில் போய்விடும். கீறல் விழுந்ததா என்பதைக்கூட நிறம் பார்த்துச் சொல்கிற காலம் வந்துவிடும்.

திருப்பதி மலையில் பெருமாளுக்குத் தயிர்சாதம் இன்றும் புது மண் ஓட்டில்தான் நிவேதனம். குயவராகிய குறும்பறுத்த நம்பியின் பக்தியைச் சொல்லும் கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். தங்கத்துக்குக் குறைவில்லாத சந்நிதியில் தினம் ஒரு புது மண் பாத்திரம் கேட்கிறார் என்றால், கும்மரியின் சக்கரம் தினம் சுற்ற வேண்டும் என்றுதானே அர்த்தம். இது என் வியாக்கியானம், சாஸ்திரம் தெரிந்தவர்கள் மன்னிக்கவும்.

பலமனேரில் கடம் செய்ய முடியுமா? மானாமதுரைக் கண்மாய் மண்ணின் குணம் நம்ம ஏரி மண்ணுக்கு இருக்குமா என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். வேறு சத்தம் வரட்டுமே, மானாமதுரை ஒரு மாதிரி, சென்னை ஒரு மாதிரி என்று இருக்கும்போது பலமனேர் ஒரு மாதிரி இருந்தால் என்ன? தேவைப்படுவது மண்ணைவிடக் காது. திருப்பதியில் தேவஸ்தானத்தின் சங்கீத நாட்டியக் கல்லூரி இருக்கிறது, லயம் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து ஒருவர் சுருதிப் பெட்டியோடு வந்து, சூளை இறக்குகிற அன்றைக்குக் குயவரின் பக்கத்தில் உட்கார வேண்டும். ‘இது நாலரைக்குக் கொஞ்சம் கீழே, அடியில் தடிப்பு அதிகம், அடுத்த முறை இங்கே இன்னும் தட்டுங்க’ என்று சொல்ல ஆள் இருந்தால் போதும். பத்து சூளையில் ஒன்பது பூந்தொட்டியாகவே போகட்டும், நஷ்டமில்லை, தொட்டிக்கு விலை இருக்கிறது. பத்தாவதில் ஒரு கடம் கிடைத்தால் அதை வாங்கப் பெங்களூரிலும் சென்னையிலும் ஆள் உண்டு.

அரிய கருவி சேகரிக்கிற நண்பர்களிடமும் இதை ஒட்டி ஒரு வேண்டுகோள். மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு முழு நூல் எழுதினார். பெரிய வித்வான்களின் நாதத்துக்குப் பின்னால் இருந்த தோல் தொழிலாளிகள் அதில் பெயரோடு வந்தார்கள். கடம் செய்பவர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். பழைய சேகரிப்புகளின் சீட்டில் கருவியின் பெயர், ஊர், அளவு இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் வாசித்த வித்வானின் பெயரும் இருக்கும். வனைந்தவர் பெயர் இருக்காது. பானையிலும் அவர் கையெழுத்துப் போடுவதில்லை. ஆகவே கடம் சேர்ப்பவர், வீட்டில் நாலு பானைதான் என்றாலும், ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். எந்த ஏரி மண், வனைந்தது யார், பலகை பிடித்துத் தட்டியது யார், சூளை பிரித்த தேதி, அன்றைக்கு நின்ற சுருதி, வாங்கிப் போனவர், முதலில் வாசித்த கச்சேரி, உடைந்தால் உடைந்த நாள். பலகை பிடித்தவர் பெயரைச் சூளை வாசலிலேயே கேட்டு எழுதிவிட வேண்டும், மேடைக்குப் போன பானையிடம் அதைக் கேட்க முடியாது.